முன்னால் நடந்தவன்

பட்டாளத்தில் பதினைந்து வருஷம் பரேடு அடித்தவன் நான். பென்ஷன் வாங்கி ராஜபாளையத்துக்குத் திரும்பிய பிறகும் என் கால்களுக்கு அந்த ஒரே வேகம்தான் தெரிந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பிள்ளை இல்லாத குறைக்காக மாதம் ஒரு திங்கட்கிழமை நானும் என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கோயிலுக்கு நடந்து போவோம். ஏழு மைல் இருக்கும். நான் முன்னால், அவள் பின்னால். பக்கத்தில் சேர்ந்து நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு தடவை பாதி வழியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை அமுக்கிக்கொண்டாள்.

"மெதுவா நடந்தா ஒண்ணும் செய்யல. ஓடுனாக்கூட வலிக்கல. உங்க நடைக்கு எட்டி நடந்தாத்தான் இந்த எடம் தீயா எரியுது. இன்னும் எம்புட்டு தூரம் இப்படி வரணும்?"

வீட்டுக்குள்ளேயே கிடந்த கால் அப்படித்தான் இருக்கும் என்று கேலி செய்தேன். மடையன்.

மறுவருஷம் காய்ச்சலில் படுத்து எழுந்தவள், ஒரே ஒரு தடவை கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். அன்றைக்குத்தான் அவள் பக்கத்தில் நடந்தேன். ஒவ்வோர் அடியையும் பிடித்துப் பிடித்து வைத்ததில் ஒரு மைலுக்குள் எனக்கு இடுப்பும் தொடையும் கடுத்துவிட்டன. மெதுவாக நடப்பதும் ஒரு பாடுதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் முகத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"நீங்க முன்னால போங்க. நான் பையப் பைய வாரேன்."

போயிருக்கக் கூடாது. போனேன். கால்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டதையும் மறைக்கப் போவதில்லை. கோயில் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால், அவள் பிரிந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு எங்கும் கிளம்பவும் இல்லை.

ஆடியில் போய்விட்டாள். மகன் இல்லாததால் கொள்ளிச்சட்டி ஏந்திப் பாடைக்கு முன்னால் நான்தான் போனேன். கால் எழவில்லை. பாடையைச் சுமந்து வந்த அவள் தம்பி பின்னாலிருந்து கத்தினான்.

"மச்சான், எட்டி நடங்க! இப்படி மெல்லப் போனா பாரம் தோள்லயே நிக்குது. எங்களால முடியல."

சுமக்கிறவர்களுக்குத் தோள் வலிக்கிறதே என்று அந்த நிமிஷமே நடையை மாற்றிக்கொண்டேன். அவளுக்குக் கால் வலிக்கிறது என்று அவளே சொன்னபோது நான் மாற்றவில்லை.