கற்பூரம் முறித்த மருந்து

இன்று தென்காசிப் பெரிய கோயிலில் தீபாராதனைத் தட்டு அருகே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கற்பூரம் எனக்கு 1958 ஆடி மாதத்தின் வாசனை.

குற்றாலம் சாலையில், இப்போது செல்போன் கடை இருக்குமிடத்தில், அன்று ஒரு ஹோமியோபதி வைத்தியரின் அறை இருந்தது. அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் அங்கே போவோம். சாரலில் நனைந்த குடைகள், தக்கை மூடிய குப்பிகள், காகிதத்தில் மடித்த சீனி உருண்டைகள், கரைக்கக் கரைக்க மருந்துக்கு வீரியம் கூடும் என்று அலுக்காமல் சொல்லும் அவர் குரல். காபியும் கற்பூரமும் மருந்தை முறித்துவிடும் என்பது அங்கே சட்டம்.

நான்கு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கூடியபோது, "மொதல்ல கூடத்தாம்மா செய்யும், மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அம்மா நம்பினாள். ஐந்தாம் நாள், பயத்தில் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். மறுநாள் தம்பி இறந்தான். துக்கம் கேட்க வந்த வைத்தியர் மூக்கை உறிஞ்சி வாசனை பார்த்தார்.

"கற்பூரம் பொருத்துனியளோ? முறிச்சிட்டியளேம்மா!"

அதன்பின் எங்கள் வீட்டில் கற்பூரம் இல்லை. ஒவ்வோர் ஆடியிலும் அம்மா கேட்பாள்: "ஏலே, அன்னைக்கி நான் பொருத்தலன்னா பொழச்சிருப்பாம்லா?"

அத்தனை கரைத்தபின், முறிப்பதற்கு அந்த உருண்டைகளில் மருந்தென்று ஒன்றுமே இருந்திருக்காது என்று பின்னாளில் படித்தேன். சொன்னால், தம்பியைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதை நினைக்கத் தொடங்குவாள். சொல்லவில்லை.

அவள் சிதைக்குத் தீ வைக்க என் கையில் கற்பூரத்தைத் தந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினேன்.