டென்மார்க் பசுவின் கயிறு

பெருமாநல்லூர்ப் பக்கத்தில் அங்கமுத்துவின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. இளவயதில் டூரிங் டாக்கீஸுக்காக மாட்டு வண்டியில் உட்கார்ந்து, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படத்தின் பெயரைக் கூவியவர். கொட்டகையை மூடியபின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டப் போனார். வாரமெல்லாம் அங்கே நான்கு பேரோடு ஓர் அறை. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ். குரல் மட்டும் அப்படியே இருந்தது. சத்தமாகப் பேசிப் பழகியவருக்குத் தான் நினைப்பதையே மற்றவர்களும் நினைக்கிறார்கள் என்று தோன்றிவிடும். அங்கமுத்து நல்ல மனிதர்தான். அந்தக் குறை அவரிடமும் இருந்தது.

ஊரில் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டையும் ஒரு பசுவையும் அவர் மனைவி வேலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பசுவை விற்று, காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அவளைத் திருப்பூருக்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்பது அங்கமுத்துவின் திட்டம். 1966 ஆவணியில் ஒரு நாள் அதை அவளிடம் சொன்னார். களத்தில் சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "செரிங்க" என்றாள். அவர் மாட்டு வியாபாரி சுப்பையனைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டைக் காட்ட அவளைத் திருப்பூருக்கு அழைத்துப் போனார். ஒரே அறை, வெளியே பொதுக் குழாய். வேலாத்தாள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் கம்பெனி கிடங்கில் படம்; அவளையும் கூட்டிப் போனார். கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் ஞானசம்பந்தம் தொழிலாளிகளுக்குக் காட்ட டென்மார்க் நாட்டுப் படம் ஒன்றை, புரொஜெக்டரோடு எடுத்து வந்திருந்தார். ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, பின்னி வந்த வெள்ளைத் துணியைப் பிரித்துத் திரையாக இழுத்துக் கட்டினார்கள். பனியன் துணி இழுத்த பக்கம் போகும். வெள்ளைக்காரர்களின் முகமெல்லாம் பூசணிக்காய் போல அகன்று தெரிந்தது. படத்தின் பேச்சு யாருக்கும் புரியாது. டீக் கடையில் பேராசிரியர் சுருக்கமாகச் சொன்ன கதையை வைத்துக்கொண்டு, அங்கமுத்து திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கினார்.

குறைந்த செலவில் எடுத்த படம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒரு வீடு, மாடு கட்டும் ஒரு கட்டுத்தரை, எங்கும் சேறு, ஐந்தே பேர். பாட்டு இல்லை. குடியானவன் ஒருவன் பண்ணையத்தை விட்டு நகரத்துக்குப் போக நினைக்கிறான். மேசையடியில் உட்கார்ந்து அதை மனைவியிடம் சொல்கிறான். அவள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருக்கிறாள்.

"'நீங்க சொன்னாச் செரிங்க, டவுனுக்கே போயரலாமுங்க'ன்னு அந்தம்மா சொல்றாங்க!" என்று முழங்கினார் அங்கமுத்து.

பெண்கள் பக்கத்திலிருந்து, பிசிறு வெட்டும் கருப்பாத்தாள் கேட்டாள்: "ஏனுங்ணா, அந்தம்மா வாயே தொறக்கலீங்களே?"

கிடங்கு சிரித்தது. "மொகத்தைப் பாத்தாத் தெரியுமல்லோ!" என்றார் அவர்.

"மொகம் கெழங்கைத்தானுங்களே பாத்துட்டிருக்குது!"

அடுத்து, ஒரு ஆள் வந்து பசுவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போகிறான். "மாட்டை வித்துப் போட்டாங்க" என்றார் அங்கமுத்து.

"விக்கலீங்க" என்றது ஒரு குரல். வேலாத்தாள்தான். பத்துப் பேருக்கு முன்னால் அவள் அவரை மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை. "கயிறு கூடவே போகுதுங்களே. விக்கறவங்க தலைக்கயித்தை உருவி வெச்சுக்கமாட்டாங்களா? அது மேய்ச்சலுக்குத்தானுங்க போகுது."

கூட்டம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது. அத்தனை பேரும் மாடு விற்றுவிட்டு, கயிற்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு பஞ்சாலைக்கும் பனியனுக்கும் வந்தவர்கள். அந்தத் தேசத்தில் கயிற்றோடுதான் கொடுப்பார்கள் என்று பேராசிரியர் எழுந்து சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படம் முடியும்வரை அந்தப் பசு திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். அது வரவில்லை.

பஸ் நிலையத்துக்கு நடக்கையில் அங்கமுத்து சிடுசிடுத்தார். "மாட்டை வித்தது நெசம் புள்ளே. புரபசரே சொன்னாரு."

"இருக்கட்டுமுங்க. ஆனா அந்தம்மா செரின்னு சொன்னதும் புரபசர் சொன்னதுங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. அது நானாச் சொன்னது."

"எனக்குப் பதிலாவும் நீங்களே அப்படித்தானுங்க சொல்லிப் போட்டீங்க."

"நீதான் செரிங்கன்னியே!"

"காதுல உளுந்துச்சுங்கறதுக்குத்தான் அப்படிச் சொன்னனுங்க. நீங்க ஒண்ணு சொன்னா வேற என்னங்க சொல்றது?"

பதினாறு வருட இல்லறத்தில் அவள் எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் திகைப்பாயிருந்தது. ஒவ்வொன்றையும் அவர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். மரியாதை நிறைந்த பேச்சில் மறுப்புக்கு இடம் குறைவு. அந்த வசதியை இத்தனை காலம் அனுபவித்தவர் அவர்தான்.

"அப்ப வரமாட்டீங்கறியா?"

"அதையும் நான் சொல்லலீங்க. அந்த ரூமுக்குள்ள பொழுதன்னிக்கும் நான் என்னங்க பண்ணறது? அதை நெனச்சீங்களா?"

அவர் நினைத்திருக்கவில்லை. பொழுது சாயும்முன் ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுப்பையனிடம் போனார்.

"நாளைக்கு வர வேண்டாமுங்க."

"ஏனுங்க, வெலை பத்தலீங்களா?"

"அது இல்லீங்க. ஊட்டுல இன்னும் கேக்கலீங்க."

சுப்பையன் வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணாலமாயி இத்தனை வருசம் கழிச்சு, இன்னைக்குத்தான் கேக்கப் போறீங்களாக்கும்?"

"ஆமாங்க" என்றார் அங்கமுத்து. தகரக் குழாய் பிடித்த அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.