இன்ஜினுக்குள் போன முருகன்

அறுபதுகளில், தாயில்பட்டிக்கு நான் மருமகளாக வந்த புதிது. தோட்டத்தில் மிளகாய்ச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. கிணற்று ஆயில் இன்ஜினோ மூடி இடுக்கில் ஆயிலைக் கொட்டியது.

"மூடிக்கு அடியில வைக்கிற பேக்கிங் போயிருச்சு. கெட்டி அட்டை இருந்தா எடுத்துட்டு வா" என்றார் கணவர்.

வீட்டுக்கு ஓடினேன். கையில் சிக்கியது சுவரில் தொங்கிய சிவகாசி சாமிப்படக் காலண்டர். அதை அளவாக வெட்டி மாட்டினார். ஒழுக்கு நின்றது, தண்ணீர் பாய்ந்தது.

சாயங்காலம் மாமியார் வெறும் சுவர் முன்னால் விளக்கோடு நின்றார். "முருகனை எங்க காணோம்?"

"இன்ஜினுக்குள்ள இருக்காரு, அத்தை."

முறைத்துவிட்டு விறுவிறுவென்று தோட்டத்துக்கு நடந்தார். வசவு வாங்கத் தயாராகப் பின்னால் போனேன். நனைந்த பாத்திகளைப் பார்த்தவர், இன்ஜின் கொட்டகைக்குள் நுழையப்போன மகனை அதட்டினார்: "ஏலே, செருப்பைக் கழட்டிட்டுப் போ!"

மாமியாருக்குப் பயப்படுவதை அன்றோடு விட்டேன். செருப்பை மட்டும் இன்றும் கொட்டகைக்கு வெளியில்தான் விடுகிறேன்.