இரண்டு ஊதாக் கோடுகள்

நேற்று என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். வாசனை ஏறியதும் புட்டியை மூடித் தள்ளிவைத்தேன். வலி அவருக்கு, பயம் எனக்கு!

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில்தான் எனக்கு முதல் வேலை. தலைப்பிரட்டைகளை மயக்க அங்கே கிராம்புத் தைலம் வைத்திருப்போம். மழை விட்டதும் பக்கத்துக் குளத்தில் முழங்காலளவு இறங்கித் தவளை முட்டைகளை அள்ளி வருவது என் பாடு. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுவும் உண்டு. எது, எங்கே, எப்போது விழித்து வேலைசெய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. தவளைக் கருவில் சாயம் ஏற்றினால் விழித்த இடம் மட்டும் ஊதாவாகத் தெரியும். நாங்கள் தேடிய மரபணு முதுகில் இரண்டு கோடுகளாகத் தெரியும். முதுகின் இரு ஓரமும் வரப்புபோல எழுந்து, நெருங்கி, மூடும்போது கோடுகளும் ஒன்றாகிவிடும். சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷ மழைக்கு எடுத்த கருக்கள் பலவற்றில் கோடுகள் சேரவே இல்லை. முதுகு திறந்தே கிடந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதே வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "பிள்ளை முதுகைக் காட்ட மாட்டேங்கு. அடுத்த வாரம் வாங்க, பாப்போம்" என்றார்.

உடன் வேலைபார்த்த ஜெசி அக்கா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். "ஏட்டி, அதையே பாத்துக்கிட்டுக் கெடக்காத. தவளைக்கு வந்தா ஒனக்கும் வருமா?"

"அந்தத் தண்ணியிலதானக்கா நானும் நின்னேன்?"

அக்கா நுண்ணோக்கிக்கு உறையைப் போட்டார். பிறகு பைய, "வயல்ல என்ன மருந்த அடிச்சானுவளோ, எல்லாம் கொளத்துக்குத்தான வடியுது" என்றார்.

தோல் எரியும்வரை கால்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வயிற்றில் பிள்ளை புரண்டால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். நான் முதுகு எந்தப் பக்கம் என்று தடவித் தேடுவேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு அக்காவும் வந்தார். டாக்டரம்மா திரையைத் திருப்பி, "இந்தா, முத்துக் கோத்த மாதிரில்லா இருக்கு முதுகெலும்பு" என்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் இப்போது கல்லூரியில் கபடி ஆடுகிறாள்.

மறு மழைக்குக் குளத்தில் முட்டையே இல்லை. பிறகு குளமும் இல்லை. மண்ணடித்து மனை போட்டார்கள். போன மாதம் அங்கே ஒரு வீட்டில் வளைகாப்பு. வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவந்து தந்த வளைகாப்புப் பெண்ணிடம், இங்கே தவளைக் குளம் இருந்தது என்றேன்.

"இங்கனயா? நாங்க ஒரு தவளையக்கூடப் பாத்ததில்லையே" என்று சிரித்தாள், வயிற்றைத் தடவியபடி.