மைனா 4.0 வெளியீட்டுக்கு மேசைக் கணினியோடு போன பயணம்

மேசைக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து அடையாறு போக நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு இந்தப் பதிவு பயன்படலாம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படிப் போனேன். போகாமலே முடித்திருக்கக்கூடிய வேலை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

மைனா என்பது ஒரு நிரல்மொழி. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மொழி. கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் எந்த நாளில் எந்த வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போட வேண்டும் என்ற முறையை அதில்தான் எழுதி வைத்திருந்தேன். மைனாவின் 4.0 பதிப்பு வெளிவரும் முன் சோதனைப் பதிப்பைத் தந்தார்கள். இறக்கி, மோட்டார் முறையில் ஒரே ஒரு பெயரை மாற்றிச் சேமித்தேன். கோப்பு காலியாகிவிட்டது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மறுநாள் யாரும் மோட்டார் போடவில்லை. மூன்றாம் மாடிக்காரர் உடம்பெல்லாம் சோப்போடு குளியலறையில் நின்றபடி என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

முதலில் என் தவறு என்றே நினைத்தேன். பிறகு வேறு கோப்புகளை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். என் கணினியின் டிஸ்கில் இடம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. நான் எதையும் அழிப்பதில்லை. புதிய பதிப்பு, வேகத்துக்காக, சேமிக்கும்போது முதலில் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுப் பிறகு புதியதற்கு மொத்தமாக இடம் கேட்கிறது. இடம் கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறிவிடுகிறது. இது அப்படியே வெளியானால், டிஸ்க் நிரம்பிய ஒவ்வொருவருடைய கோப்பும் போகும்.

மைனாவின் இணையக் குழுவில் எழுதினேன். எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மைனாவை உருவாக்கியவர்களுக்கு நன்றி, இளைஞர்களின் உழைப்புக்குப் பாராட்டு, என் அறியாமைக்கு மன்னிப்பு என்று தொடங்கி, பதினோராவது பத்தியில் பிழையைக் குறிப்பிட்டிருந்தேன். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர் "வாழ்த்துக்கு நன்றி ஐயா" என்று எழுதினார். மறுபடி எழுதினால் தொந்தரவாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மைனா குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியீட்டுக்கு முன் நேரில் கூடி, மூன்று முறை "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார்கள். மூன்றாவது முறையும் யாரும் வாய் திறக்காவிட்டால் பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஆகவே நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் நம்ப வேண்டுமே. பிழை என் கணினியில்தான் வருகிறது. அதனால் அதையும் எடுத்துக்கொண்டேன். திரையை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் போர்வையில் சுற்றினேன்.

"ஏன்னா, ஃபோன்ல ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா? இதைத் தூக்கிண்டு எங்க போகப் போறேள்?" என்றாள் மனைவி.

"ஃபோன் பண்ணினா அவா வேலையா இருப்பாளோ என்னவோ."

"நேர்ல போனா மட்டும் சும்மா ஒக்காந்துண்டு இருப்பாளா?"

போர்வையை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பகல் 1.10க்குக் கிளம்பினேன்.

கூட்டம் தி. நகரில், பனகல் பூங்காவுக்கு அருகே ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் குறைத்திருப்பார், நான் பேசவில்லை. மாட வீதி நெரிசலைத் தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என் மடியைப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, போர்வைக்குள்ள இன்னா கீது?"

"கம்ப்யூட்டர்."

"ரிப்பேரா?"

"இல்லைங்க. இது நல்லாத்தான் இருக்கு. இதுல ஓடுற ஒண்ணு தப்பா இருக்கு. அதைச் சிலபேர்கிட்ட காட்டணும். ஒருவேளை என் தப்பாவும் இருக்கலாம்."

"நீ மொதல்ல ஒரு முடிவு பண்ணிக்கினு வா நைனா. அங்க போயும் இப்டியே சொன்னேன்னு வெச்சிக்க, டீ குட்து அனுப்சிருவானுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் தி. நகருக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லித்தான் யாருக்கும் தெரிய வேண்டும் என்பதில்லை. மாடிப்படி துணிக்கடைக்கு உள்ளே இருந்தது. வாசலில் கும்பிட்டு வரவேற்றவர் என் போர்வை மூட்டையை வேறு ஏதோ கடையில் வாங்கிய துணி என்று நினைத்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, வாங்க. அங்கயே இம்புட்டு வாங்கிட்டீயளா? நம்ம கடையில பாத்துட்டு வாங்கியிருக்கலாம்லா?" என்று தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். நான் மேலே போக வந்தவன் என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை வேட்டியும் இரண்டாம் முறை துண்டும் விரித்துக் காட்டினார். இரண்டு துண்டுகள் வாங்கிக்கொண்டு எழுந்தபோது மணி 2.20.

மாடியில் கதவு பூட்டியிருந்தது. கூட்டம் அடையாறுக்கு மாறிவிட்டதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குழுவிலும் காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள். செய்தி வரும் ஓசை திடுக்கிட வைக்கிறதென்று நான் அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். வெளியீடு நான்கு மணிக்கு.

கீழே அதே ஆட்டோ நின்றிருந்தது. "கூட்டத்துல வண்டி நகரவே இல்ல. குந்து, குந்து," என்றார் ஓட்டுநர். வெங்கட்நாராயணா சாலை, நந்தனம், கோட்டூர்புரம் பாலம் வழியாக அடையாறு காந்தி நகருக்கு ஆறு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். பாலத்தில் நல்ல காற்று வந்தது. வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "நேரா போ. 'நிறுத்துங்கடா'ன்னு சொல்லு. அவ்ளோதான்." அந்த 'டா'வை மட்டும் நான் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

3.15க்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு சிறிய அலுவலகத்தின் கூடம். சுமார் முப்பது பேர், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தார்கள். புதிய பதிப்பின் அம்சங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தவறு நேர்ந்தால் தமிழிலேயே விளக்கம் வரும் என்றார்கள்; உண்மையாகவே மகிழ்ந்தேன். புதிய சின்னத்தில் மைனாவின் அலகு மஞ்சளா ஆரஞ்சா என்று நெடுநேரம் சண்டை போட்டார்கள். சேமிக்கும் வேகம் மூன்று மடங்கு கூடியதைச் சொன்னபோது பலத்த கைதட்டல். அதை எழுதிய அருள் என்ற இளைஞர் எழுந்து வணங்கினார். நானும் கைதட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது எப்படி?

சரியாக நான்கு மணிக்கு, வெளியீட்டுப் பொறுப்பாளர் நிவேதா மேடைக்கு வந்தார். பக்கத்தில் '4.0' என்று எழுதிய கேக். "ஆட்சேபணை உண்டா?" என்று முதல் முறை கேட்டார்.

நான் கையைப் பாதி தூக்கினேன். பின்னாலிருந்த ஒருவர் குனிந்து, "டாய்லெட் இடது பக்கம், அங்கிள்," என்றார்.

"ஆட்சேபணை உண்டா?" இரண்டாவது முறை.

கையை முழுதாகத் தூக்கினேன். இன்னொருவர் ஓடி வந்து ஒரு டி-ஷர்ட்டைக் கையில் திணித்தார். "எக்ஸ்எல் இதுதான் சார் கடைசி." நன்றி சொன்னேன். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டேன். தலை அதற்குள் இருக்கும்போது மூன்றாவது முறை கேட்பது காதில் விழுந்தது.

எழுந்து நின்றேன். "இருக்கு," என்றேன். டி-ஷர்ட்டுக்குள்ளிருந்து வந்ததாலோ என்னவோ, குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக இருந்தது. "ஆட்சேபணை இருக்கு. டிஸ்க் நிரம்பியிருந்தா இது பழைய ஃபைலை அழிச்சிடுது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருள், "சார், எங்க யார் மெஷின்லயும் அப்படி வரலையே," என்றார்.

"என் மெஷின்ல வருது. கொண்டு வந்திருக்கேன்."

போர்வையைப் பிரித்தபோது சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். புரொஜெக்டரோடு இணைத்தார்கள். என் கணினி விழிக்கச் சற்று நேரம் எடுக்கும். முப்பது பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "மச்சி, பூஜை போட்டுடலாமா?" என்று கேட்டார்.

ஒரு கோப்பைத் திறந்தேன். ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தேன். பத்திரமாகச் சேமித்துவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் பத்திரம்.

"சூப்பர் சார்! உங்க மெஷின்லயும் நல்லாத்தான் ஓடுது," என்றார் அருள். நிவேதா என்னைப் பார்த்து மெதுவாக, "வித்ட்ரா பண்ணிக்கலாமா சார்?" என்றார். எனக்குக் காது சுட்டது. என் தவறாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உட்காரக் குனிந்தபோதுதான் திரையை முழுதாகப் பார்த்தேன். எவ்வளவு துப்புரவாக இருந்தது!

முந்தின இரவு நான்தான் அப்படி வைத்தேன். நாலு பேர் பார்ப்பார்களே, குப்பையாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று, வாழ்நாளில் முதல் முறையாக, வேண்டாத கோப்புகளையெல்லாம் அழித்திருந்தேன். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவது போலப் பிழையையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தேன்.

"வித்ட்ரா பண்ணலைங்க," என்றேன். "நேத்து நான் க்ளீன் பண்ணிட்டேன். இடம் காலியா இருக்கு. தயவுசெய்து யாராவது இதுல குப்பை போடுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நிவேதா தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். "என் அக்கா கல்யாண வீடியோ. நாலு மணி நேரம் ஓடும்." அவ்வளவுதான், வரிசை கட்டி வந்தார்கள். ஒருவர் பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த படங்களை மொத்தமாகக் கொட்டினார். இன்னொருவர் தான் முடிக்காத ஆய்வறிக்கையின் எல்லாப் பிரதிகளையும் போட்டார். "அங்கிள், சாப்பாட்டுக்கு முன்னாடி இலையில இடம் பாக்குற மாதிரி பாக்காதீங்க, இன்னும் நிறைய கீது," என்றது பின்வரிசை. முக்கால் மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பியது.

மறுபடி ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தேன். கோப்பைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அருள் அருகில் வந்து, தானே ஒரு முறை செய்து பார்த்தார். அதுவும் வெள்ளை. "போச்சு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என் அப்பா கடை சிஸ்டம் இப்படித்தான் சார் நிரம்பி வழியுது. அதுல இன்னிக்கு ராத்திரி நானே இதைப் போட்டுக் குடுக்கிறதா இருந்தேன்," என்றார்.

நிவேதா ஒலிபெருக்கியை எடுத்தார். "இன்னிக்கு ரிலீஸ் இல்லை. கேக் உண்டு." கத்தி முதலில் '4.0'வில் இருந்த புள்ளியின் மேல்தான் இறங்கியது.

பிழையைக் கண்டவர்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களின் விதி. என்னையே உட்கார வைத்தார்கள். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கினேன். நிவேதா பக்கத்தில் நின்று அழித்தார். 'என் அறியாமை காரணமாக' என்றேன். அதையும் அழித்தார். "நடந்ததை மட்டும் எழுதுங்க சார்." கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: 'டிஸ்க் நிரம்பியிருந்தால் சேமிக்கும்போது பழைய கோப்பு அழிகிறது.' மரியாதையே இல்லாத வாக்கியமாகத் தோன்றியது. அனுப்பினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குப் பேருந்து கிடைத்தது. பெட்டிக்கும் உட்கார இடம் கொடுத்தார்கள். டி-ஷர்ட்டைக் கழற்ற மறந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். குழுவின் சத்தத்தை அணைக்காதீர்கள், இடம் மாறும். தி. நகரில் கடைக்கு உள்ளே இருக்கும் மாடிப்படி என்றால் கும்பிடுபவரின் கண்ணைப் பார்க்காமல் ஏறுங்கள். கணினியைக் கொண்டு போவதானால் போர்வை வேண்டாம், அட்டைப்பெட்டி நல்லது. பிழையைக் காட்டப் போகிறீர்களென்றால், வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்ல வேண்டியதை முதல் வரியில் எழுதுங்கள். எழுதியிருந்தால் எனக்கு இந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது. அதற்காக வருத்தப்படுகிறேனா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது. அதுவரை அந்தக் குப்பையை அழிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். மனைவி அதற்குள் நிவேதாவின் அக்கா கல்யாணத்தை இரண்டு முறை பார்த்து முடித்து, முகூர்த்தப் புடவையைப் பற்றி ஒரு கருத்துக்கும் வந்திருந்தாள். நிரம்பி வழியும் அதே டிஸ்கில் புதிய மைனாவை வைத்து, ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு சேமித்தேன். திறந்தபோது திரையில் தமிழில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன: 'இடம் இல்லை. உங்கள் பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறது.'

முடியாது என்று யாரும் என்னிடம் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.