ஓடாத நாளின் வேலை

ஜெனரேட்டரை மகள் வாங்கிக் கொடுத்தாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. "ஒனக்கென்னாக்கா கொற, பொண்ணு ராணி மாதிரி வச்சிருக்கா" என்று கேட்டுக் கேட்டு லோகநாயகிக்குக் காது புளித்துப்போனது. வாங்குவது ஒரு நாள் வேலைதானே? சிதம்பரத்தில் வாங்கிக் குட்டியானையில் ஏற்றி அனுப்பியதோடு வினோதினியின் வேலை முடிந்தது. கரண்ட் போய் அது ஓடுகிற நாள் வருஷத்துக்கு நாலோ ஐந்தோ. ஓடாத நாளெல்லாம் அதைக் கட்டி மேய்ப்பது யாராம்? எந்தத் தெருவும் அதைப் பேசாது.

வீட்டுக்காரர் கார்த்திகேசன், கடலூர் - சிதம்பரம் தடத்தில் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பஸ் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து அவர் நுரையீரலைத் தின்றுவிட்டன. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. ராத்திரி பகல் எந்நேரமும் மூக்கில் டியூப். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். கடலூரில் புயல் என்று வந்துவிட்டால் கரண்ட் கொஞ்ச நேரத்துக்கா போகிறது? கம்பமெல்லாம் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டுதான். அதற்காக வந்ததுதான் ஜெனரேட்டர்.

வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். கடல் காற்று சும்மா வருமா, உப்போடு வரும். கேட்டுத் தாழ்ப்பாள் முதல் அரிவாள்மனை வரைக்கும் துரு. ஜெனரேட்டர் வந்த புதிதில் லோகநாயகி அதைப் பின்கட்டு ஷீட் கொட்டகையில் வைத்து பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினாள். உள்ளே வேர்த்து நட்டெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. அதற்கப்புறம்தான் தன் பழைய நூல்சேலையைப் போர்த்தி, மேலுக்கு மட்டும் தார்ப்பாய் போட்டாள். கீழே பலகை, பலகைக்குக் கீழே செங்கல். சைலன்சர் வாயில் குளவி மண் வைக்கும், குச்சி விட்டு நோண்டவேண்டும். ஒயரை எலி கடிக்கும். ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட அவள் இப்படிப் பத்திரம் பண்ணியதில்லை.

மாசம் ஒரு தடவை ஓட்டிவைக்கவேண்டும். தேதி மறந்துபோகும், அமாவாசை மறக்காது. காக்காவுக்குச் சோறு வைத்த கையோடு போய்க் கயிற்றை இழுப்பாள். டேங்கில் ஒரு டம்ளர் பெட்ரோல் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயை மூடிவிடுவாள். உள்ளே மிச்சம் இருப்பதைக் குடித்து முடித்துவிட்டு மெஷின் தானாக நிற்கவேண்டும். பெட்ரோல் தேங்கினால் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும், அடுத்த முறை கிளம்பாது. அது திக்கித் திணறி நிற்கிற சத்தம் கார்த்திகேசனுக்கு ஆகவே ஆகாது.

"பட்டுன்னு ஆஃப் பண்ணித் தொலையேன்டி. எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்க வுடுற?" என்று உள்ளேயிருந்து கத்துவார். கத்திய கத்தில் இருமல் வந்துவிடும். ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிடுவதும் அவள் வேலைதான்.

அலுப்பு என்றால் உடம்பலுப்பு மட்டுமா? கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள்பட்டை ராத்திரியில் குடையும். அது பரவாயில்லை, தைலம் தேய்த்தால் போச்சு. ஆக்சிஜன் மெஷின் சத்தம் மாறுகிறதா, டியூப் மடிந்திருக்கிறதா, லைட் மினுக்குகிறதா என்று காதும் கண்ணும் எந்நேரமும் விழித்துக்கொண்டே இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையில் தைலம் விற்கிறது? வினோதினி போன் பண்ணினால், "ஜென்செட்டு இருக்குல்லம்மா, அப்புறம் என்னா பயம்?" என்பாள். ஆமாம்டியம்மா, இருக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கார்த்திகேசன் தானே எழுந்து வருவேன் என்று அடம் பிடித்தார். டிப்போவில் இருந்த காலத்தில் ஆயுத பூஜை என்றால் அவர் வண்டிதான் மாப்பிள்ளை. ஸ்டியரிங், ஹெட்லைட், டயர் என்று ஒரு இடம் விடாமல் சந்தனம் அப்பி, வாழைக்கன்று கட்டித்தான் வண்டியை எடுப்பார். இப்போது பஸ் இல்லை, ஜெனரேட்டர் இருக்கிறதே! நீளமான டியூப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டு வரைக்கும் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். லோகநாயகி சைலன்சர்மேல் வைத்த பொட்டைப் பார்த்துவிட்டு, "இது என்னா பொட்டா, கொசு குந்துன மாதிரி?" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். டேங்க் மூடியின் நட்டநடுவில், கட்டைவிரலால் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

"மூடிதான்டி அதுக்கு நெத்தி" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கார்த்திகை பிறந்ததும் புயல் வந்தது. முதல் நாளே ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்குப் போன் போட்டாள். எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றிவைத்தாள். காலையில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் படுக்கும் நேரத்துக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். ரெண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. நல்ல பிள்ளை, மானத்தைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பால் இல்லாததால் வெறும் டீ போட்டு டம்ளரைக் கையில் எடுத்தபோது, அது திணறி, இரண்டு தரம் விக்கி, நின்றுவிட்டது.

கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் பீப் பீப் என்று கத்தியது. லோகநாயகிக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கால் நகரவில்லை. டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் மனசுக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. அப்பாடா என்று வந்தது. இனி இழுக்கவேண்டாம், காது கொடுக்கவேண்டாம், முடிந்தது, அப்பாடா.

அடிப்பாவி, என்ன நினைப்பு நினைத்தாய்! டம்ளரைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

இழுத்தாள். ம்ஹூம். மறுபடி இழுத்தாள். உறுமிவிட்டு அணைந்தது. உள்ளே அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. போன் சார்ஜ் போடலாம் என்று குடையோடு வந்த பக்கத்து வீட்டு இருசம்மாள், நிலைமையைப் பார்த்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டகைக்குள் சாரல் அடிக்காமல் குடையைப் பிடித்தாள்.

"பெட்ரோலு இருக்குதாக்கா?"

"ரொம்ப ஊத்திவச்சேன்டி!" என்று சொல்லிக்கொண்டே லோகநாயகி டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்றை உள்ளே உறிஞ்சுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள், பெட்ரோல் தளும்பியது. அந்தத் திறந்த வாக்கிலேயே கயிற்றை இழுத்தாள், கிளம்பிவிட்டது! சாமி, என்று மூடியைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஓடியது. திணறியது. நின்றது.

"மூடியத் தொறந்து வச்சே ஓட்டுக்கா."

"மழைத் தண்ணி உள்ள எறங்குனா மொத்தமும் போச்சுடி."

மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. நட்டநடுவில், சிமெண்ட் மாதிரி காய்ந்து இறுகிப்போன சந்தனம். அதற்கடியில்தான் டேங்குக்குள் காற்று போகிற ஊசித் துவாரம். காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்? அமாவாசைக்கு ஊற்றியது ஒரு டம்ளர், டேங்க் முழுக்கக் காற்றுதான், அதனால் அன்றைக்கெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. நெற்றிப் பொட்டு மூக்கை அடைத்துவிட்டிருந்தது.

தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள், சுரண்டினாள், வாயை வைத்து ஊதினாள். பெட்ரோலும் சந்தனமும் நாக்கில் கசந்தன. மூடியைப் போட்டு இழுத்தாள். தோள்பட்டையில் ஏதோ சுளுக்கென்றது. மெஷின் கிளம்பியது. இருசம்மாளும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ உள்ள போக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் இருசம்மாள்.

கார்த்திகேசன் கட்டிலில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டியூப்பைச் சரிபண்ணி, முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. பேச்சு வர இன்னும் நேரமாயிற்று.

"என்னாவாம் அதுக்கு?"

"ஒங்க சந்தனந்தான். காத்து ஓட்டைய அடச்சிக்கிச்சி."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது. "நல்லா வச்சேன் போ, நெத்தியில" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் நகரப்போனபோது, கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"மெஷினு நின்னதும் நீ ஒடனே வரலியே?"

லோகநாயகிக்குச் சுருக்கென்றது. அடுப்பில் பால் பொங்கியது என்று சொல்ல வாயெடுத்தாள். வீட்டில் பால் இல்லாதது அவருக்கும் தெரியும். பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை.

"அப்பாடான்னு இருந்திச்சிங்க" என்றாள். சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

திட்டுவார் என்று நின்றாள். திட்டினாலும் தேவலை என்று இருந்தது. பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்குந்தான்" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையை நீட்டி, பெட்ரோல் வாடை அடிக்கிற அவள் கையைப் பிடித்தார்.

"மெஷினு மறுபடி நின்னுடப் போவுதுங்க, போயிப் பாத்துட்டு வரேன்."

"பாக்கலாம். செத்த குந்து."

அவள் குந்தினாள்.