சப்போர்ட் முடிந்த பெட்டி

என் தொழிலில் கெட்டுப்போன சாமான் எனக்குத் தலைவலி தருவதில்லை. கெட்டால் மாற்றிவிடுவார்கள். கெடாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் உயிரை வாங்குகிறது.

தாம்பரத்தில் தொடங்கி பெருங்களத்தூர் வரை சின்னச் சின்ன இடங்களுக்கு நெட், கேமரா எல்லாம் மாட்டிக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அப்படி ஓர் இடம்தான் பெருங்களத்தூரில் ஓர் அக்கா நடத்தும் லேடீஸ் ஹாஸ்டல். எவனோ சுவர் ஏறிக் குதித்த பிறகு அங்கே கேமரா வந்தது. கேட்டில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, குளியலறைக்குப் போகும் வராந்தாவில் ஒன்று. அக்கா தன் வீட்டில் இருந்தபடியே மூன்றையும் போனில் பார்ப்பார். பெண்களைப் பெற்றவர்கள் ஊரிலிருந்து பேசினால், "நான் பாத்துக்கினுதாம்மா கீறேன்" என்பார். பொய் இல்லை. சொந்தப் பெண்களைப் போலத்தான் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கேமராக்களை நெட்டோடு இணைத்த ரவுட்டர் பழையது. தயாரித்த கம்பெனி அதை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. விற்பதை நிறுத்திய பின்னும் கொஞ்ச காலம், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் அடைத்துத் தருவார்கள். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அதன் பிறகு ஓட்டை தெரிந்தால் தெரிந்ததுதான், அடைக்க ஆள் கிடையாது. திருடனுக்கும் விஷயம் போய்விடும். இந்தப் பெட்டிக்கு அந்தத் தேதி தாண்டிவிட்டது. ஆனால் அதன் பச்சை விளக்கு எப்போதும்போல் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"அக்கா, இதுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. மாத்திடலாம்."

"இன்னாபா சொல்ற? போன் பண்ணா நீ வந்துடற. வேற இன்னா சப்போர்ட்டு வோணும்?"

என்னத்தைச் சொல்ல! கம்பெனி கைவிட்டதைப் பற்றி நான் பேசுகிறேன், நான் வந்து நிற்பதைப் பற்றி அவர் பேசுகிறார். மழையில் ஒருமுறை அதன் அடாப்டர் புகைந்தபோது ஓடிப்போய் வேறு மாட்டினேன். "பாத்தியா, இன்னும் எத்தினி வருசம் வோணாலும் வரும்" என்று காபி கொடுத்தார். நான் ஒழுங்காக வேலை செய்யச் செய்ய என் பேச்சுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போனது.

பிறகு ஒருநாள் கம்பெனியின் இணையதளத்தில் அறிவிப்பு வந்தது. அதே மாடலில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் உள்ளே நுழையலாம், சரிசெய்ய மாட்டோம், மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நுழைந்தவன் கேமராவில் தெரிவதையும் பார்க்கலாம். அந்த வராந்தாதான் கண்முன் வந்தது. குளித்துவிட்டுத் தலையில் டவல் கட்டிக்கொண்டு வரும் பெண்கள். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

புதிது வாங்கும்வரை வெளியிலிருந்து போனில் பார்க்கும் வசதியையாவது நிறுத்திவைப்போம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் பாக்காம வுட்டு எவனாவது ஏறிக் குதிச்சா நீ வந்து பதில் சொல்லுவியா? எவனோ பாக்கறான், பாக்கறான்றியே. பாத்தான்னு காட்டு!"

காட்ட முடியவில்லை. யார் வந்தார்கள், போனார்கள் என்று பதிந்துவைக்கும் வசதி அந்தப் பெட்டியில் இல்லை. யாருமே வராமலும் இருந்திருக்கலாம்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது கேட் வரை வந்தாள்.

"அண்ணா, அந்த வராந்தா கேமராவ வெளியாள் யாராவது பாத்திருக்காங்களா?"

"தெரியலம்மா."

"பாத்திருக்கலாமா?"

"பாத்திருக்கலாம்."

மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "வராந்தா கேமரா கருப்பா கீது. சீக்கிரம் வா." போய்ப் பார்த்தால், கேமராவைச் சுற்றி ஒரு துப்பட்டா இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அறைக்கதவுகளில் பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப்போனார். முதல்நாள் என்னிடம் பேசிய பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நல்லதுக்குத்தானே மாட்டுனேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "நானா எவனையோ கூப்ட்டுக் காட்டுனேன்?"

"இல்ல ஆன்ட்டி. நீங்க மட்டும்தான் பாக்கறீங்கன்னு நெனச்சுதான் இத்தன நாளா இங்க நடந்தோம்."

அக்கா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "புச்சு வாங்கினு வாபா" என்றார்.

அன்றைக்கே மாற்றினேன். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. "இனிமே பயம் இல்லம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"இதுவரைக்கும்?" என்றாள்.

பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் வருகிறதா பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் போனைத் திறந்தார். கேட் பளிச்சென்று தெரிந்தது. மாடிப்படியும் தெரிந்தது. வராந்தா மட்டும் கருப்பாகவே இருந்தது. துப்பட்டாவை அவிழ்க்கும்படி அக்கா யாரிடமும் கேட்கவில்லை.